வேலுவுக்கு எழுதிய முகம்

போன மாதம் பொன்னேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன். வீட்டில் வேட்டியை மாற்றும்போது பார்த்தால் மடிப்பில் ஒரு ஜமிக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பாயசத்தை அப்பளத்தால் வழித்துத் தின்ற பெண்குழந்தையின் பாவாடையிலிருந்து உதிர்ந்திருக்க வேண்டும். "தட்டி விடுங்க மாமா" என்றாள் மருமகள். நான் தட்டிவிடவில்லை. கட்டைவிரல் நகத்தின் மேல் அதை வைத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். மருமகள் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். இந்த வயதில் நாம் எது செய்தாலும் அந்தப் பார்வைதான், எனக்குப் பழகிவிட்டது.

ஜமிக்கியில் ஒரு வாசனையும் இல்லை. ஆனால் அது மின்னினாலே மீன் கவிச்சி அடிக்கும் என்று என் மூக்கு இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க மாட்டீர்கள். பரவாயில்லை.

பழவேற்காட்டில் நான் டிராயிங் மாஸ்டராக வேலைக்குச் சேர்ந்தபோது மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. ஆனால் சென்னையில் ஓவியம் படித்து வாங்கிய டிப்ளமா இருந்தது. அதைக் கண்ணாடி போட்டு என் அறையில் மாட்டியிருந்தேன். அறைக்கு வருகிறவர்கள் அதன் மேல் சட்டையைத் தொங்கவிட்டார்கள். ஏரியில் வந்திறங்கும் பூநாரைகளை ஒரு வருஷம் வாட்டர்கலரில் வரைந்து, பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைத்தேன். தலைமையாசிரியர் வந்தார். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில், "ஃப்ரேம் நல்லா இருக்கு, எங்க போட்டீங்க?" என்று கேட்டார். மீன் விற்றுவிட்டுத் திரும்பிய பெண்கள் இரண்டு பேர் வாசலில் கூடையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாடி இது?"

"பூநாரை."

"அத்தத்தான் தெனம் பாக்கறமே." கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் கண்காட்சிக்கு வந்த கூட்டம் அவ்வளவுதான். நான் மனம் உடைந்து ஒரு வாரம் மீன் சாப்பிடவில்லை. அது பூநாரைகளுக்கும் தெரியாது, மீன்களுக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு பர்மாக்கார அம்மா துணியில் படம் தைத்திருக்கிறார் என்று படகுக்காரன் சொன்னான். இப்போது அந்தப் பக்கம் போகப் பாலம் இருக்கிறது. அப்போது படகில்தான் போக வேண்டும். பசியாவரம், தோணிரேவு எல்லாம் சேர்ந்து படகு பிடித்துப் போய்ப் பார்க்கிறார்கள் என்றான். "நீங்களும் பாருங்க சார், நீங்ககூட ஏதோ படம் போடுவீங்களாமே" என்றான். அந்த 'ஏதோ' என்னை அக்கரை வரை குத்திக்கொண்டே வந்தது.

அந்த அம்மாவின் பெயர் சிந்தாமணி. குப்பத்தில் பிறந்து, ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பாதி வயதைக் கழித்தவர். புருஷன் பிறகு ஒரு மளிகைக் கடை வைத்தார். ராணுவ ஆட்சி வந்ததும் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்த ஏக்கத்திலேயே அவர் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது ஒரே மகன் வேலு. அரிசி கிடைக்காமல் ஜனங்கள் ஊர்வலம் போன ஒரு நாளில் ராணுவம் சுட்டது. ஊர்வலத்துக்குப் போன வேலு வீடு திரும்பவில்லை. செத்தவர்கள் பட்டியலிலும் இல்லை, சிறைக்கதவு திறந்து வெளியே வந்தவர்களிலும் இல்லை. மாதக்கணக்கில் சிறைவாசலில் நின்றுவிட்டு, இந்தியர்களை ஏற்றி அனுப்பிய கப்பலில் சிந்தாமணியம்மா ஒரு டிரங்குப் பெட்டியோடு அக்கா எல்லம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

துணியை முதலில் பார்த்தபோது அது வலைகளோடு சேர்ந்து கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பழைய படகுப்பாய். ஒரு கதவைவிட அகலம். மேலே ராத்திரி வானத்துக்குக் கிழிந்த குடைத்துணி. சிப்பாய்களுக்குக் கலங்கரை விளக்கத்து வாட்ச்மேன் தூக்கிப்போட்ட காக்கி அரைக்கால்சட்டை. மனிதர்களையெல்லாம் தனித்தனியாக வெட்டி, உள்ளே இலவம்பஞ்சு அடைத்துத் தைத்திருந்தார். துணியிலிருந்து அவர்கள் புடைத்துக்கொண்டு நின்றார்கள். பர்மாவில் இப்படித்தான் ராஜா ராணி கதையெல்லாம் தைத்துச் சுவரில் தொங்கவிடுவார்களாம். மூடியிருக்கும் அரிசிக் கடை, ஓடுகிற கூட்டம், வரிசையாக மண்டியிட்டுக் குறி பார்க்கும் சிப்பாய்கள், சிறைவாசலில் பெண்கள், கீழே ஓரத்தில் கப்பல். ஊடே ஓடிய ஆறு தகதகவென்று மின்னியது. டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்த ஜமிக்கி பாதி ஆற்றோடு தீர்ந்துவிட்டதாம். மீதி ஆற்றுக்கு மடவை மீன் செதிலைக் கழுவிக் காயவைத்து ஒவ்வொன்றாகத் தைத்திருந்தார். எது ஜமிக்கி, எது செதில் என்று முகர்ந்தால்தான் தெரியும். நான் முகர்ந்தேன். பூனைகளும் முகர்ந்தன.

ஏரித் தண்ணீரின் மினுக்கத்தைத் தாளில் கொண்டுவர ஒரு வருஷம் முழுக்க நான் பட்டபாடு உங்களுக்குத் தெரியாது. வெள்ளையை விட்டு வரைந்தேன், பிளேடால் சுரண்டினேன், உப்பு தூவினேன். இந்த அம்மா செதிலைத் தைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே தோணிரேவிலிருந்து ஒரு படகு நிறையப் பெண்கள் வந்தார்கள். அதில் ஒரு வயதான அம்மாள் நேராகத் துணியிடம் போய், முதல் வரிசைச் சிப்பாயின் கன்னத்தில் பளார் என்று அறைந்தாள். "உன்ன பெத்தவ வவுத்துல நெருப்பு வைக்க!" என்று அழ ஆரம்பித்தாள். எல்லோரும் அழுதார்கள். பஞ்சுச் சிப்பாய் ஒருபக்கம் நசுங்கிப்போனான். சிந்தாமணியம்மா அவனை நெம்பி நேராக்கிக்கொண்டே, "இத்தோட நாலு தரம் நிமித்திட்டேன். ஒரு நாள் கழுத்து ஒடியப் போவுது" என்றார். அழுதவர்கள் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. என் படத்தின் முன்னால் யாராவது அழுதார்களா, அறைந்தார்களா, குறைந்தபட்சம் ஒரு பூனையாவது வந்து நின்றதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பொறாமை என்ற சொல்லை அப்போது நான் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. 'அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் முறையாகச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக வரும்' என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய், "தூரத்துல இருக்கறவங்களைச் சின்னதா போடணும்மா. சிப்பாய் கடைசி வரிசையில மண்டி போட்டிருக்கான், வீட்டைவிடப் பெருசா இருக்கான் பாருங்க" என்று அறிவுரை சொன்னேன். பாவம், அவர் ஒரு வரிசைச் சிப்பாய்களைப் பிரித்துச் சின்னதாகத் தைத்துவிட்டார். மறுவாரம் எல்லம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்பா, நீதானா அந்தப் புத்தி சொன்ன மாஸ்டரு? துப்பாக்கி புடிச்சவன் பல்லி மாரியா தெரிவான்? வந்துட்டாரு!" சிப்பாய்கள் மறுபடி பெரியவர்கள் ஆனார்கள்.

அதற்குப் பிறகும் நான் போவதை நிறுத்தவில்லை. பொறாமைக்காரன் வீட்டில் இருக்க மாட்டான். எது வயிற்றெரிச்சலோ அதன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்வான். தலைமையாசிரியர் கூப்பிட்டு, "நாட்டு நிலைமை தெரியும்ல? பேப்பர்லயே பாதிப் பத்தி வெள்ளையா வருது. ராணுவம் சுடற படத்தை அந்தம்மா வெளியில மாட்டியிருக்கு. நீங்க அங்க போயி உக்காந்துக்கறீங்க" என்று எச்சரித்தார். நெருக்கடி நிலைக் காலம் அது. ஒருநாள் ஒரு போலீஸ்காரர் நிஜமாகவே வந்துவிட்டார். துணியை மேலும் கீழும் பார்த்து, "எந்த ஊரு போலீசு இது?" என்றார்.

"பர்மாங்க. போலீசு இல்ல, மில்டரி."

"அப்ப சரி" என்று சொல்லி, ஒரு தட்டு கருவாடு வாங்கிக்கொண்டு போனார்.

அந்தத் துணியில் ஒரே ஒரு உருவத்துக்கு மட்டும் முகம் இல்லை. கூட்டத்தில் மற்றவர்களுக்கெல்லாம் நூலால் கண் வைத்து, வாய்க்கு ஒரு கோடு இழுத்திருந்தார். நடுவில் நீலச் சட்டை போட்டு நின்ற வேலுவின் முகம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அவனுக்கு நூல் முகம் போதாது, பர்மாவில் செய்வதுபோலத் தூரிகையால் எழுத வேண்டும் என்றார். போட்டோ இல்லையா என்று கேட்டேன்.

"நானே கொளுத்திட்டேன் மாஸ்டர். கையில படத்த வச்சுக்கிட்டு வீடு வீடா ஆள் தேடி வந்தானுங்க. இருந்ததெல்லாம் அடுப்புல போட்டேன். புள்ள தப்பிச்சு எங்கயாவது இருந்தா, என்னால மாட்டிக்கக் கூடாதுல்ல."

அவர் காத்திருந்தார் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். படகுத்துறையை அங்கே ரேவு என்பார்கள். ரேவில் படகு வந்து நிற்கும்போதெல்லாம் ஊசியை நிறுத்திவிட்டுத் தலைநிமிர்ந்து பார்ப்பார். காரியம் செய்துவிடலாமே என்று குப்பத்தில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர்கள் வழக்கம் அப்படி. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை என்றால் உடனே காரியம் செய்ய மாட்டார்கள். அவனுடையது என்று சொல்ல ஏதாவது ஒன்று கரைக்கு வர வேண்டும்; துடுப்போ, தலைத்துணியோ. அதுவரை அவன் உயிரோடு இருப்பவன்தான். தேசப்பன் என்று ஒரு வலைக்காரனின் அண்ணன் இப்படித்தான் ஒரு மழைக்காலம் முழுக்க உயிரோடு இருந்தான். பிறகு அவன் துடுப்பு ஒதுங்கியது. வேலுவைக் கொண்டுபோனது கடல் இல்லை. ஆனாலும் குப்பம் அவனையும் அதே கணக்கில்தான் வைத்திருந்தது.

"நீங்க எழுதிக் குடுப்பீங்களா மாஸ்டர்?" என்று அவர் கேட்டார்.

எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். ஆள் எப்படி இருப்பான் என்று கேட்டதற்கு அவர் சொற்களால் சொல்லவில்லை, ஆட்களைக் காட்டினார். "நெத்தி அப்படியே நம்ம தேசப்பன் நெத்தி." தேசப்பனைக் கூப்பிட்டார்கள். மூக்குக்குப் பசியாவரத்து ஏழுமலை. காதுக்குப் பழவேற்காடு டவுன் பாய் வீட்டுப் பிள்ளை ஜமால். மீன் ஏலம் எடுக்க வருபவன். மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிழ்த்துப் போட்ட படகின் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். குப்பமே சுற்றி நின்றது.

"எம் மூக்க நீ எடுத்துகினா நான் எத்தால மூச்சு உடறது?" என்றான் ஏழுமலை.

"அந்த மூக்கு போனா ஊருக்கே காத்து வரும்டா, குடுத்துடு" என்றாள் எல்லம்மா.

"மாஸ்டர், ஒரு காத மட்டும் எடுத்துக்கோங்க. வாப்பா திட்டறத கேக்க இன்னொண்ணு வேணும்" என்றான் ஜமால்.

முதலில் எல்லாவற்றையும் தாளில் பென்சிலால் போட்டுக் காட்டினேன். இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் ஒடுக்கமாக என்று அவர் சொல்லச் சொல்ல அழித்து அழித்துப் போட்டேன். கண் தன்னுடைய கண்ணே என்றார். எல்லாம் ஆயிற்று, ஆனால் அது யாரோ ஒருவனின் பாஸ்போர்ட் படம்போல இருந்தது. சிந்தாமணியம்மா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சிரிப்பு உங்க சிரிப்பு மாஸ்டர்."

"என் சிரிப்பா?"

"இங்க வந்தா நீங்க மூஞ்சிய உம்முனு வச்சுக்குவீங்க. ரேவுல படகுக்காரன் கிட்ட நின்னு சிரிப்பீங்களே, அப்ப பாப்பேன். இடதுபக்கம் மட்டும் கொஞ்சம் ஏறும். என் புள்ள அப்படித்தான் சிரிப்பான்."

ரசம் போன ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குப்பமே வேடிக்கை பார்க்க, அதில் பார்த்துச் சிரித்து, தாளில் அதைப் போட்டேன். அவர் ஒரு சத்தம் போட்டார். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத சத்தம்.

இனித் துணியில் எழுத வேண்டும். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய வெள்ளைத் துணி உள்ளங்கை அளவுக்கு எனக்கு முன்னால் இருந்தது. என் பையில் இரண்டு புட்டிகள் இருந்தன. ஒன்று நான் சென்னையில் பாரிமுனையில் வாங்கிய வரைமை. காய்ந்துவிட்டால் தண்ணீருக்கும் வெயிலுக்கும் அசையாது. இன்னொன்று பள்ளிக்கூடத்தில் மாத்திரையைக் கரைத்துச் செய்யும் கறுப்பு மை. பையன்களின் சட்டையில் பட்டால் இரண்டு துவையலில் போய்விடும். நான் மாத்திரை மையை எடுத்தேன்.

வரைமை கிடைப்பது கஷ்டம், அதற்காக என்றுதான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அந்த முகம் நன்றாக வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அதுவரை செய்ததிலும், அதற்குப் பிறகு செய்ததிலும் அதுதான் நல்ல வேலை. அது அவருடைய துணியில் இருக்கப்போகிறது. படகு படகாக வந்து அவருடைய துணியைப் பார்த்து அழப்போகிறார்கள். அது நிலைப்பதை நான் விரும்பவில்லை. இவ்வளவுதான். இதில் வேறு ஆழம் எதுவும் இல்லை.

"தண்ணி பட்டா போயிடாதே மாஸ்டர்?" என்று அவர் கேட்டார்.

"போகாதும்மா" என்றேன்.

முகம் எழுதி முடித்ததும் எல்லம்மா வேலுவின் முகவாயைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள். பிறகு வந்தவர்கள் எல்லோரும் அப்படியே செய்தார்கள். சிந்தாமணியம்மா தினமும் காலையில் துணியை ரேவைப் பார்த்து மாட்டுவார், பொழுது சாய்ந்ததும் எடுத்து வைப்பார். வெயில், உப்புக்காற்று, தொடுகிற ஈரக் கை. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முதலில் சிரிப்பு போயிற்று. மெல்லிய கோடு அல்லவா. பிறகு ஜமாலின் காது. மழைக்காலத்துக்கு நடுவில் நான் போனபோது தேசப்பனின் நெற்றி இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிழல் இருந்தது. தை பிறந்தபோது துணி பழையபடி வெள்ளையாக இருந்தது.

கூட்டத்துக்குத் தைத்த நூல் முகங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. சிப்பாய்கள் முகமும் இருந்தது. அவன் முகம் மட்டும் போயிருந்தது. மை போகாது என்று நான் சொன்னதை நம்பிய குப்பத்துக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். "கடக்காத்து வந்து தொடச்சிட்டுப் போயிருக்குது. சேதி வந்துட்டுது தங்கச்சி" என்று எல்லம்மா சொன்னாள். ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி ஆமாம் என்றார்கள். சிந்தாமணியம்மா மூன்று நாள் துணியை வெளியே மாட்டவில்லை. பிறகு, "செய்ங்க" என்றார்.

காரியத்துக்கு எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். முகம் எழுதியவன் இல்லையா. அன்று குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. பசியாவரத்திலிருந்தும் தோணிரேவிலிருந்தும் படகுகள் வந்தன. பாய் வீட்டிலிருந்து ஜமால் அரிசி கொண்டுவந்து இறக்கினான். நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். 'அது சேதி இல்லை, மை' என்று சொன்னால் போதும். அந்த அம்மா மறுபடி ரேவைப் பார்த்துத் தலைநிமிர்வார். சொல் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பயம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை ஜனங்களும் ஒரு வெற்றுத் துணியைச் சுற்றி உட்கார்ந்து அழுவதைப் பார்த்தபோது, முகம் இருந்தாலும் அவருக்குத்தான் கூட்டம், அழிந்தாலும் அவருக்குத்தான் கூட்டம் என்று எனக்குத் தோன்றியது. அந்த மணலில், அந்த அழுகைக்கு நடுவில், எனக்கு அது தோன்றியது.

அவர் கத்தரிக்கோலால் வேலுவைத் துணியிலிருந்து தனியாக வெட்டி எடுத்தார். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார்கள். பஞ்சு அடைத்த உடம்பு உடனே முழுகவில்லை. நீலச்சட்டையோடு கொஞ்ச தூரம் மிதந்து போயிற்று. திரும்பி வரும்போது சிந்தாமணியம்மா என் பக்கத்தில் நடந்து வந்தார்.

"நீங்க எழுதினதாலதான் கொஞ்ச நாளாவது எங்கூட இருந்தான். ஆனா உங்க சிரிப்பையும் எடுத்துகினு போயிட்டான் மாஸ்டர். கோச்சுக்காதீங்க" என்றார்.

அதற்குப் பிறகு படகு வந்தால் அவர் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை. தைக்கவும் இல்லை. அக்காவோடு கூடை தூக்கப் போனார். அடுத்த வருஷமே நான் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் இறந்த சேதி எனக்கு மிகவும் பிந்தித்தான் கிடைத்தது. ஆள் வடிவத்தில் ஓட்டை விழுந்த அந்தத் துணி ஒரு புயலில் கூரையோடு போய்விட்டது என்று ஜமால் ஒருமுறை சொன்னான். இப்போது ஜமாலும் இல்லை, தேசப்பன், ஏழுமலை யாரும் இல்லை. மாத்திரை மை என்றால் என் பேரனுக்கு என்னவென்று தெரியாது. படகுத்துறை இருந்த இடத்தைப் பாலத்தின் மேல் பஸ்ஸில் அரை நிமிஷத்தில் கடந்துவிடுகிறார்கள். பூநாரைப் படங்கள் மட்டும் பரணில் இருக்கின்றன. அவற்றின் ஓரக்கோடுகளை நான் வரைமையில் போட்டிருந்தேன். ஒரு கோடுகூட மங்கவில்லை.

ஜமிக்கி ஒட்டியிருந்த அன்று, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வேலுவை வரைந்து பார்த்தேன். நெற்றி வந்தது. மூக்கு வந்தது. ஜமாலின் காது அப்படியே வந்தது. அவர் கண்ணும் வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். பல்செட்டை மாட்டிக்கொண்டு சிரித்துப் பார்த்தேன். கழற்றி வைத்துவிட்டும் பார்த்தேன். இடது பக்கத்தை விரலால் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு கிழவன் வாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலுவின் சிரிப்பு அதில் எங்கேயும் இல்லை.